எழுதுவோர் இல்லம் – ஓர் இலக்கிய வரலாற்று நோக்கு

தமிழிலக்கிய வரலாறு புலவரைப் பற்றிப் பேசும். புலவரைப் பேணிய வேந்தர், வள்ளல், மடாதிபதி, சமீன்தார் ஆகியோரைப் பற்றியும் பேசும். ஏடு எழுதியோர், உரை கண்டோர், அச்சேற்றியோர் ஆகியோருக்கும் அதில் உரிய இடம் உண்டு. புலவர் எழுதிக்கொண்டிருந்த வீட்டில் அவரோடு உடனுறைந்தவரைப் பற்றி மட்டும் அது பெரும்பாலும் வாய்திறப்பதில்லை. பேச நேரும்போதும், 'பொறுமையின் வடிவம்' என்றோ, 'கவியுள்ளத்தை அறியாத உலகியல் மனம்' என்றோ ஒரு தொடரில் முடித்துக்கொண்டு அடுத்த பக்கம் சென்றுவிடும்.

இவ்விரு மதிப்பீடுகளும் போதாதவை. எழுதுவோர் இல்லம் இலக்கியத்துக்கு வெளியே இருந்து அதற்கு உதவிய ஒன்றன்று. இலக்கியம் உருவாகி நிலைபெறும் நிகழ்வில் அதுவும் ஓர் உறுப்பு. சிறப்பாக, இருபதாம் நூற்றாண்டுத் தமிழில் புரவலரின் இடத்தையும், சுவடிச்சாலையின் இடத்தையும், சில வேளைகளில் பதிப்பகத்தின் இடத்தையும் இல்லமே ஏற்றது. இதனைச் சான்றுகளோடு நோக்குவது பயனுடையது.

பெயரில்லாத மனைகிழத்தி

எழுதுவோர் இல்லத்தைப் பற்றிய தொன்மையான தமிழ்ச் சான்றுகள் புறநானூற்றில் உள்ளன. பெருஞ்சித்திரனார் பாடிய 159ஆம் பாட்டு, ஒரு புலவரின் வீட்டுக்குள் நம்மை நேரே அழைத்துச் செல்கிறது. அங்கே முதுமையால் தளர்ந்த தாய் இருக்கிறாள். பல குழந்தைகளைப் பெற்று மெலிந்த மனைவி இருக்கிறாள். குப்பையில் முளைத்த இளங்கீரையைப் பறித்து, உப்புமின்றி, மோருமின்றி, சோற்றையே மறந்து, அவித்த கீரையை உண்டு வாழ்கிறாள் அவள். பெருந்தலைச் சாத்தனார் குமணனிடம் பாடிய 164ஆம் பாட்டிலோ, சமைத்தலை மறந்த அடுப்பில் காளான் பூத்திருக்கிறது. பாலற்ற மார்பைச் சுவைத்து அழும் குழந்தை தாயின் முகத்தை நோக்குகிறது. அவள் கண்ணில் நீர் நிறைந்திருக்கிறது. அதைக் கண்ட பின்னரே புலவர் வள்ளலை நாடிப் புறப்படுகிறார்.

இவற்றுள் நம் ஆய்வுக்கு மிகவும் இன்றியமையாதது, பரிசில் பெற்று மீண்ட பெருஞ்சித்திரனார் தம் மனைவியை நோக்கிப் பாடிய 163ஆம் பாட்டு. குமணன் வழங்கிய செல்வத்தை யார் யாருக்குக் கொடுக்க வேண்டும் என்று அவர் அடுக்கிச் சொல்கிறார். அவ்வரிசையில், சுற்றத்தின் பசி தீர நெடுநாள் குறியெதிர்ப்பை தந்தவர்களும் இடம்பெறுகின்றனர். வாங்கிய அளவே திருப்பித் தருவதாகக் குறித்துப் பெறும் அளவுக்கடனே குறியெதிர்ப்பை. புலவர் வள்ளலைத் தேடி மலைகடந்து சென்றிருந்த நாள்களில், அயலாரிடம் நாழி அரிசி அளந்து வாங்கி அடுப்பை எரியவிட்டவள் அவள் என்பது இதனால் விளங்கும். ஆதலால்தான், தம்மைக் கேட்க வேண்டா, நீயே கொடு என்று கணக்கை அவள் கையில் ஒப்படைக்கிறார் புலவர். கடன் யாரிடம் எவ்வளவு என்பது அவளுக்குத்தான் தெரியும்.

குமணனின் பெயரை அப்பாட்டு ஈராயிரம் ஆண்டுகளாகக் காத்து வந்திருக்கிறது. அம்மனைகிழத்தியின் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. கொடைக்கு முன்னும், இரண்டு கொடைகளுக்கு இடையிலும் அவ்வீட்டைத் தாங்கியவள் அவளே. ஆயினும் புரவலர் பட்டியலில் அவள் இல்லை.

புரவலர் இல்லாத காலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரையில் இந்த அமைப்பு வெவ்வேறு வடிவில் தொடர்ந்தது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்குத் (1815–1876) திருவாவடுதுறை ஆதீனம் இருந்தது. வேறு பலருக்குச் சமத்தானங்கள் இருந்தன. கொடுப்போர் சுருங்கினாலும், கொடுப்பது தம் கடமை என்று கருதிய நிறுவனங்கள் முற்றும் மறைந்துவிடவில்லை.

சுப்பிரமணிய பாரதியின் வாழ்க்கை இவ்வமைப்பின் முறிவைத் தெளிவாகக் காட்டுகிறது. காசியிலிருந்து திரும்பி எட்டயபுரம் சமத்தானத்தில் சிறிது காலம் பணியாற்றிய அவர், 1904இல் அதனை விட்டு வெளியேறினார். மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில மாதங்கள் தமிழாசிரியராக இருந்தார். அதே ஆண்டின் இறுதியில் சென்னை 'சுதேசமித்திரன்' இதழில் உதவியாசிரியரானார். அரசவையிலிருந்து அச்சகத்துக்கு வந்த இப்பெயர்ச்சி, தமிழ்க் கவிதைக்குப் புதிய நோக்கத்தையும் புதிய நடையையும் தந்தது என்பது அனைவரும் அறிந்தது. அதே பெயர்ச்சி கவிஞரின் வீட்டுக்கு என்ன செய்தது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. வள்ளலும் இல்லை, வள்ளலின் இடத்தை நிரப்பும் அளவுக்கு நூல் வாங்கும் வாசகர் கூட்டமும் இன்னும் தோன்றவில்லை. அந்த இடைவெளியில் எழுத்தைத் தாங்கியது கவிஞரின் இல்லம்.

கடையத்தில் 1890இல் பிறந்த செல்லம்மாவுக்கு 1897இல் பாரதியோடு மணம் நடந்தபோது வயது ஏழு. கவிஞரை மணக்கிறோம் என்று அறிந்து மணந்தவர் அல்லர் அவர். 1908இல் 'இந்தியா' இதழின் மீது அரசின் நடவடிக்கை பாய்ந்ததும் பாரதி புதுவைக்குச் சென்றார். செல்லம்மா பின்னர் அங்கே சென்று சேர்ந்தார். புதுவையிலிருந்து வெளிவந்த 'இந்தியா'வும் 1910இல் நின்றது. அதன்பின் 1918 வரையில் அந்த வீட்டுக்கு நிலையான வருவாய் என்று சொல்லத்தக்கது அரிது. வாயிலில் ஒற்றர் கண். உள்ளே இரண்டு பெண்குழந்தைகள்.

தமிழ்க் கவிதையின் பொற்காலம் என்று இன்று நாம் போற்றும் புதுவைக் காலம் இதுதான். பாஞ்சாலி சபதத்தின் முதற்பாகம் 1912இல் அங்கே இருந்தபோதுதான் வெளிவந்தது. கண்ணன் பாட்டும் அங்கேதான் பிறந்தது. இவை வறுமையால் விளைந்தவை என்று கூறுவது வழக்கமாகிவிட்டது. வறுமை எதனையும் விளைவிப்பதில்லை. வறுமையிலும் மறுநாள் எழுதத்தக்க நிலையில் ஒருவரை வைத்திருக்க மற்றொருவர் உழைத்தால்தான் எழுத்து விளையும்.

அரிசியும் குருவியும்

உலைக்கு வைத்திருந்த அரிசியைப் பாரதி சிட்டுக்குருவிகளுக்கு வாரி இறைத்த நிகழ்ச்சியை அறியாத தமிழர் இல்லை எனலாம். மேடைகளில் இது கவிஞரின் கருணைக்குச் சான்றாகச் சொல்லப்படுகிறது. கேட்போர் கைதட்டுவர். அது கருணைதான், ஐயமில்லை. ஆனால் இந்நிகழ்ச்சிக்கு இரண்டு பக்கங்கள் உண்டு. இறைத்த அரிசிக்கு ஈடாக மீண்டும் அரிசி வந்தாக வேண்டும். எந்த வீட்டுக் கதவைத் தட்டுவது, எந்த முகத்தோடு கேட்பது, முன்பு வாங்கியதற்கு என்ன சொல்வது என்ற வினாக்களுக்கு விடை தேட வேண்டியவர் கவிஞர் அல்லர். பெருஞ்சித்திரனாரின் மனைவி அளந்து வாங்கிய அதே குறியெதிர்ப்பைதான் புதுவையிலும் அளக்கப்பட்டது.

இங்கே மற்றொன்றையும் கருத வேண்டும். இந்நிகழ்ச்சியைப் பாரதி தம் பெருமையாக எழுதி வைக்கவில்லை. வீட்டிலிருந்தவர்கள் நினைவிலிருந்து சொன்னதனால்தான் அது நாட்டுக்குத் தெரிந்தது. அதாவது, கவிஞரின் கருணையைப் புகழ நாம் எடுத்துக்காட்டும் சான்றே, அக்கருணையால் அன்று அல்லலுற்றவர் தந்த சான்றாகும். அவர் அதனைச் சொல்லாமல் விட்டிருக்கலாம், குறையாகச் சொல்லியிருக்கலாம். சிரிப்பும் வருத்தமும் கலந்த நினைவாக நமக்கு ஒப்படைத்தார். சான்றளித்தவரை மறந்துவிட்டுச் சான்றை மட்டும் நாம் எடுத்துக்கொண்டோம்.

புதுவையில் 1913இல் கனகலிங்கத்துக்குப் பாரதி பூணூல் அணிவித்ததும் இவ்வாறே இரு பக்கம் உடையது. சாதியொழிப்பு வரலாற்றில் அது ஓர் உயர்ந்த செயல். அச்செயலுக்கு ஊரும் உறவும் விதித்த விலையில் ஒரு பங்கு, சடங்குக்கும் சம்பந்தத்துக்கும் அந்த உறவையே சார்ந்திருந்த இல்லத்தரசியின் கணக்கில் எழுதப்பட்டது. 1918இன் இறுதியில் பாரதி சிறையிலிருந்து விடுதலை பெற்றுச் சென்றதும் செல்லம்மாவின் பிறந்த ஊராகிய கடையத்துக்கே என்பதை இதனோடு சேர்த்து எண்ணுதல் வேண்டும். கொள்கை கவிஞருடையது. அதற்குப் புகலிடம் தேடித் தந்தது மனைவியின் பிறந்தகம்.

கைம்பெண்ணின் பதிப்பகம்

தம் எழுத்துகளை 40 நூல்களாக, ஒவ்வொன்றிலும் 10,000 படிகள் அச்சிடத் திட்டமிட்டு, 1920இல் பாரதி நண்பர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார். அதற்கு வேண்டிய பொருள் சேரவில்லை. 1921 செப்டம்பரில் சென்னைத் திருவல்லிக்கேணியில் அவர் மறைந்தபோது வயது 38. செல்லம்மாவுக்கு 31.

கணவர் மறைந்த மறு ஆண்டு, 1922இல், 'பாரதி ஆச்ரமம்' என்ற பெயரில் சுதேச கீதங்கள் இரண்டு பாகங்களாக வெளிவந்தன. அம்முயற்சிக்கு உரியவர் செல்லம்மா. அக்காலப் பிராமணக் குடும்பங்களில் இளங்கைம்பெண்ணின் நிலை என்ன என்பதை அறிந்தோர் இதன் அருமையை உணர்வர். வீட்டின் பின்கட்டுக்குள் ஒடுங்க வேண்டும் என்று ஊர் விதித்த வயதில், அவர் பதிப்பாளராகத் தமிழுலகின் முன் நின்றார். ஆச்ரமம் நெடுங்காலம் நடக்கவில்லை. சில ஆண்டுகளில் பதிப்புப் பணி, பாரதியின் தம்பி விசுவநாதன் முதலியோர் நடத்திய பாரதி பிரசுராலயத்தின் கைக்கு மாறியது. 1949இல் பாரதி நூல்களின் உரிமையைச் சென்னை அரசு பெற்றது. பின்னர் அவை மக்கள் உடைமையாயின. இந்நெடிய வரலாற்றை எழுதுவோர் பிரசுராலயத்திலிருந்து தொடங்குவதே வழக்கம். அதன் முதற்பக்கம் 1922இல் ஒரு கைம்பெண்ணின் கையால் எழுதப்பட்டது.

அவர் பணி அதனோடு முடியவில்லை. செல்லம்மா சொல்ல, மகள் தங்கம்மாள் எழுத்தில் அமைந்த 'பாரதியார் சரித்திரம்' 1941இல் வெளிவந்தது. 1951இல் திருச்சி வானொலியில் தம் கணவரைப் பற்றி அவரே உரையாற்றினார். கவிஞருக்கு வாழ்க்கைப்படுவது எத்தகையது என்பதை அவ்வுரை மறைக்கவில்லை. ஊர் போற்றும் ஒருவரோடு குடும்பம் நடத்துவதன் பெருமையையும் தொல்லையையும் ஒரே மூச்சில் சொன்ன உரை அது. 1955இல் அவர் மறைந்தார். புதுவை வீட்டில் குழந்தையாகப் பழகிய யதுகிரி அம்மாள் 1939இல் எழுதி 1954இல் வெளிவந்த 'பாரதி நினைவுகள்', மகள் சகுந்தலா எழுதிய தந்தையின் நினைவுகள் ஆகியவற்றையும் இதனோடு சேர்த்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். மேடையிலும் பத்திரிகையிலும் கண்ட பாரதியை நண்பர்கள் எழுதினர். காலையில் எழுந்து, பாடி, சினந்து, சிரித்து, பசித்து, எழுதிய பாரதியை நமக்குத் தந்தவர்களுள் பெரும்பாலோர் அந்த வீட்டில் நடமாடிய பெண்களே. பாரதி வரலாற்றின் அடிமனை அடுக்களையிலிருந்து எழுப்பப்பட்டது.

கடிதத்தில் நடந்த குடும்பம்

உடனுறைதல் என்பது எப்போதும் ஒரு கூரையின் கீழ் உறைதல் அன்று. எழுத்தை நம்பி நகரம் சென்றவரும், பிறந்த வீட்டில் காத்திருந்தவரும் சேர்ந்து நடத்திய குடும்பங்களும் உண்டு. அதற்குப் புதுமைப்பித்தன் இல்லம் எடுத்துக்காட்டு. அவர் சென்னையில் பத்திரிகைப் பணியில் இருந்த காலத்தில், மனைவி கமலா பன்முறை திருவனந்தபுரத்தில் பெற்றோரிடம் இருக்க நேர்ந்தது. இருவரையும் இணைத்தது அஞ்சல். அவர் மனைவிக்கு எழுதிய கடிதங்கள் இளையபாரதியின் தொகுப்பில் 'கண்மணி கமலாவுக்கு' என்ற நூலாக 1994இல் வெளிவந்தன.

அக்கடிதங்கள் வெளிவரும்வரை தமிழுலகம் அறிந்த புதுமைப்பித்தன் ஏளனமும் கூர்மையும் மிக்கவர், எதற்கும் நெகிழாதவர். கடிதங்களில் காணும் மனிதர் சம்பளம் வராததற்குச் சமாதானம் சொல்கிறார், பணம் அனுப்பும் நாளைத் தள்ளிப்போடுகிறார், உடல்நலம் வினவுகிறார், பிரிவாற்றாது உருகுகிறார். ஒரே மனிதரின் இரு குரல்களையும் சேர்த்துக் கேட்டால்தான் அவர் கதைகளில் நடமாடும் கணவன் மனைவியரை முழுதும் அறியலாம். இந்த வாய்ப்பை நமக்குத் தந்தது யார்? வறுமையிலும், வீடு மாறியபோதும், கணவரை இழந்த பின்னும் அக்கடிதங்களைப் போற்றிக் காத்தவர் கமலா. அவருடைய பெட்டிதான் நம் சுவடிச்சாலை.

அவரும் எழுத்தாளர் என்பதை நினைவுகொள்வோர் சிலரே. 'காசுமாலை' அவர் சிறுகதைத் தொகுதி. புனேயில் 'ராஜமுக்தி' திரைப்படத்துக்காகப் பணியாற்றியபோது காசநோய் முற்றிய புதுமைப்பித்தன், திருவனந்தபுரத்துக்குத் திரும்பி 1948 சூன் 30இல் மறைந்தார். அப்போது மகள் தினகரி சிறு குழந்தை. எழுதத் தெரிந்த கமலாவின் எஞ்சிய வாழ்நாள் பெரிதும் குடும்பத்தைக் காப்பதிலேயே கழிந்தது. 2002இல் புதுமைப்பித்தன் நூல்கள் நாட்டுடைமையாயின. 'கண்மணி கமலாவுக்கு' நூலில் உள்ளவை கணவர் எழுதியவை. அவற்றுக்குக் கமலா என்ன மறுமொழி எழுதினார் என்பதை வாசகர் ஊகித்தே அறிய வேண்டும். உரையாடலின் ஒரு பாதியைக் காத்துத் தந்தவரின் பாதி அந்நூலில் வெற்றிடமாகவே நிற்கிறது. எழுதுவோர் இல்லத்தின் வரலாற்றை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல இயலாது.

எழுதியவர் பெண்ணானால்

இந்த ஏற்பாடு திரும்பியிருந்த வீடுகளும் உண்டு. வை.மு. கோதைநாயகி (1901–1960) ஐந்து வயது கடந்த பருவத்திலேயே மணம் முடித்துக் கணவர் வீடு புகுந்தவர். பள்ளி சென்று பயின்றவர் அல்லர். தம் முதற்படைப்பாகிய 'இந்திர மோகனா' நாடகத்தை அவர் வாயால் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதினார். பின்னர் எழுத்துப் பயின்று, 1925 முதல் 'ஜகன்மோகினி' இதழைத் தாமே நடத்தி, நூற்றுக்கு மேற்பட்ட நாவல்களை எழுதினார். கணவர் பார்த்தசாரதி அவருக்கு உறுதுணையாக இருந்தார்.

கோதைநாயகியைப் பற்றி எழுதுவோர் கணவரின் ஆதரவைச் சொல்லாமல் விடுவதில்லை. சொல்ல வேண்டியதே, அக்காலத்தில் அது அரிய பண்பு. ஆயினும் எழுதியவர் பெண்ணாக இருந்தபோது உடனுறைந்தவரின் துணை வரலாற்றுச் செய்தியாகிறது. எழுதியவர் ஆணாக இருந்தபோது அதே துணை இல்லறத்தின் இயல்பாகிக் கண்ணுக்குத் தெரியாமற் போகிறது. அரியது என்பதால் ஒன்று குறிக்கப்படுவதும், எங்கும் உள்ளது என்பதால் மற்றொன்று விடப்படுவதும் வரலாற்றுக்கு அழகன்று. எங்கும் உள்ளதையே வரலாறு முதலில் எழுத வேண்டும்.

திருப்பித் தர வேண்டிய அளவு

இதனால் மனைவியரைத் தெய்வமாக்க வேண்டும் என்பதில்லை. கவிஞரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டும் என்பதும் இல்லை. தெய்வமாக்குதல் மறத்தலின் மற்றொரு வடிவம். தியாகச் சுடர் என்று கும்பிட்டுவிட்டால் அவர் செய்த வேலையை ஆராயும் கடமை நமக்கு இல்லாமற் போய்விடுகிறது. வேண்டுவது ஆராய்ச்சியாளரின் நேர்மை. செல்லம்மாவைப் பதிப்பாளர் வரிசையிலும், வாழ்க்கை வரலாற்றாசிரியர் வரிசையிலும் வைத்து எழுத வேண்டும். கமலாவைச் சிறுகதையாசிரியராகவும், ஆவணக் காப்பாளராகவும் எழுத வேண்டும். அவர்கள் தந்த நினைவுகளை எடுத்தாளும்போதெல்லாம், நூற்சான்றுக்கு ஆசிரியர் பெயர் தருவதுபோல், அவர்கள் பெயரைத் தர வேண்டும்.

இன்று எழுதுவோரின் இல்லங்களிலும் இவ்வரலாறு தொடர்கிறது. கவிதை எழுதுபவர் இரவில் விளக்கை அணைக்காமல் அமர்ந்திருக்கும்போது, மறுநாள் விடியலின் பொறுப்பை யாரோ ஒருவர் ஏற்றிருக்கிறார். இலக்கிய வட்டங்களின் மாலைக் கூட்டங்கள் நீளும்போது, வீட்டில் ஒருவர் உணவை மூடிவைத்துக் காத்திருக்கிறார். கவிஞர் கிழித்தெறிந்த தாளை எடுத்து மடித்து வைப்பவரும் அவராக இருக்கலாம். அவருக்கும் எழுதத்தக்க ஒரு சொல் இருக்கலாம். அதனைக் கேட்டு எழுதிக்கொள்வதற்கு அவர் கைம்பெண்ணாகும் வரையிலோ, எழுபது வயது நிரம்பும் வரையிலோ காத்திருக்கத் தேவையில்லை.

குறியெதிர்ப்பை என்ற கடனின் இலக்கணம் எளியது. அதற்கு வட்டி இல்லை, புகழுரையும் வேண்டுவதில்லை. வாங்கிய அளவு திரும்ப வேண்டும், அவ்வளவே. புலவர் குடிகள் அளந்து வாங்கிய அரிசியைப் பெருஞ்சித்திரனார் திருப்பித் தரச் சொன்னார். தமிழிலக்கிய வரலாறு அந்தக் குடிகளிடம் வாங்கியது நாழிக் கணக்கில் அடங்காது. நூலின் முதற்பக்கத்தில் ஒரு பெயர், வரலாற்றில் ஓர் இயல், அவர்கள் எழுதியவற்றுக்கு ஒரு பதிப்பு என அதனை அளந்து திருப்பத் தொடங்கலாம்.